குழாய் சுத்தமாக இருந்தால் சினைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட் தப்பா?

கேள்வி: காங்கேயத்திலிருந்து ஒருவர், 2 ஆகஸ்ட் 2025

சின்னம்மாவுக்கு 47 வயது. போன மாதம் கோவையில் ஆபரேஷன். பயாப்ஸியில் இடது சினைப்பையில் கிளியர் செல் கார்சினோமா, ஸ்டேஜ் 1சி என்று வந்திருக்கிறது. கருக்குழாய் இரண்டும் சுத்தம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் தேடிப் படித்த இடத்திலெல்லாம் சினைப்பைப் புற்றுநோய் உண்மையில் கருக்குழாயில்தான் தொடங்குகிறது, பிஆர்சிஏ ஜீன் கெட்டால் வருகிறது என்கிறார்கள். பிஆர்சிஏ டெஸ்ட்டும் எடுத்தோம், ஒன்றுமில்லை. குழாயிலும் இல்லை, ஜீனிலும் இல்லை என்றால் ரிப்போர்ட் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

2 ஆகஸ்ட், இரவு

தப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. நீங்கள் படித்தது ஹை கிரேடு சீரஸ் என்ற வகையைப் பற்றி. சினைப்பைப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு அதுதான். அதனால் எழுதுகிறவர்கள் அதையே மொத்த நோயாக எழுதிவிடுகிறார்கள். கருக்குழாயின் சினைப்பைப் பக்கத்து நுனியில் அது தொடங்குவதும், டிபி53 ஜீன் கிட்டத்தட்ட எல்லாக் கட்டியிலும் கெட்டிருப்பதும் உண்மை. பிஆர்சிஏ சமாச்சாரமும் பெரும்பாலும் அந்த வகையோடுதான்.

கிளியர் செல் பிறக்கிற இடம் வேறு. அதில் குழாய் சுத்தமாக இருப்பதுதான் வழக்கம்.

சின்னம்மாவுக்கு வீட்டு விலக்கு நாட்களில் சுருண்டு படுக்கிற அளவுக்கு வலி இருந்ததா? எப்போதாவது ஸ்கேனில் சாக்லேட் கட்டி என்று சொன்னார்களா? கேட்டு எழுதுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கோவையில் பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். வருகிற திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. கையெழுத்துப் போடுகிறவர் பேத்தாலஜிஸ்ட்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போய்வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

தம்பி கேட்டு எழுதியிருக்கிறார். சின்னம்மாவுக்கு வலி கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்ததாம். அந்த நாட்களில் தறிக்குப் போகமாட்டாராம், வீட்டில் ‘அவளுக்கு எப்பவும் அப்படித்தான்’ என்று விட்டுவிட்டார்களாம். நடுவில் ஒரு ஸ்கேனில் சாக்லேட் கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதையும் பாதியில் நிறுத்தியாயிற்று.

அப்படியானால் நூல் பிடித்த மாதிரி நேராக வருகிறது. கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் உதிர்கிற சவ்வு, வெளியே வேறெங்காவது ஒட்டி வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். உதிரத்தில் கொஞ்சம் குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள்ளும் சினைப்பையிலும் ஒட்டுகிறது என்று அமெரிக்காவில் ஜான் சாம்ப்சன் என்ற டாக்டர் 1920களில் சொன்னார். எல்லாவற்றையும் அது விளக்காவிட்டாலும் இன்றும் முதலில் சொல்லப்படுவது அதுதான். ஒட்டிய இடத்திலும் மாதம் தவறாமல் ரத்தம் கசியும். போக வழியில்லாமல் தேங்கிக் கெட்டியாகும். சாக்லேட் கட்டியை லேபில் கீறினால் வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில் மாதிரி ஒழுகும். கையுறையில் பட்டால் சுலபத்தில் போகாது.

கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்ற இரண்டு வகைகளும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. கட்டி இருக்கும் இடம் சினைப்பை, திசுவின் வம்சம் கர்ப்பப்பைச் சவ்வு. சாம்ப்சனே 1925ல் எண்டோமெட்ரியோசிஸிலிருந்து புற்று வளர்வதை எழுதியிருக்கிறார். ஜீன் சாட்சி வர 2010 ஆயிற்று. கிளியர் செல் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் ஏரிட்1ஏ என்ற ஜீன் கெட்டிருப்பதை அந்த ஒரே வருடத்தில் இரண்டு குழுக்கள் சொன்னார்கள். அதில் வான்கூவர் குழு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டியை ஒட்டியிருந்த, இன்னும் புற்றாகாத எண்டோமெட்ரியோசிஸ் திசுவையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே மாற்றம் இருந்தது. அதே பெண்ணின் வயிற்றில் தள்ளி வேறிடத்தில் இருந்த எண்டோமெட்ரியோசிஸில் அது இல்லை. முளைத்த இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிஐகே3சிஏ என்ற ஜீனும் இதில் அடிக்கடி மாறியிருக்கும். டிபி53 பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதாவது ஹை கிரேடு சீரஸுக்கு நேர் எதிர்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தாலும் அவர்களில் சினைப்பைப் புற்று வருவது நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு.

4 ஆகஸ்ட்

மேலே விட்டுப்போனது. 1சி என்றால் எந்த 1சி என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் செய்யும்போது கட்டி உடைந்தால் 1சி1. அதற்கு முன்பே உடைந்திருந்தாலோ கட்டியின் மேல்பரப்பில் புற்று இருந்தாலோ 1சி2. வயிற்று நீரில் புற்று செல் இருந்தால் 1சி3. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள வயிற்றில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், பிரிக்கும்போது கட்டி உடைவது சகஜம். மூன்றும் ஒன்றல்ல.

இன்னொன்று, இது அவசரம். கிளியர் செல் உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது மற்ற வகைகளைவிட அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.

5 ஆகஸ்ட்

‘ரிப்போர்ட்டில் செல்லுக்குள் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, அது செத்த செல்லா?’ என்று ஒரு அம்மணி கேட்டிருக்கிறார். செத்ததல்ல. உள்ளே கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு நிறைய இருந்தது. ஃபார்மலின், ஆல்கஹால் என்று நாங்கள் திசுவைப் பதப்படுத்துகிற வழியில் அது கரைந்து போய்விடுவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க பிஏஎஸ் என்ற சாயம் போடுவோம், கருஞ்சிவப்பாக ஏறும். பிறகு கிளைக்கோஜனைச் செரிக்கிற டயஸ்டேஸ் என்ற நொதியை ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி சாயம் போட்டால் ஏறாது. டயஸ்டேஸ் தீர்ந்துபோன நாளில் பழைய டெக்னீஷியன்கள் ஸ்லைடில் எச்சிலைத் துப்பியே அந்த வேலையை முடிப்பார்கள். எச்சிலில் இருக்கிற அமிலேஸுக்கும் அதே வேலைதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் காலை டிபனுக்கு முன்னால் துப்பினால்தான் சுத்தமாக வரும் என்பார். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆடிட்காரர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

7 ஆகஸ்ட்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்: ‘எங்க அம்மாவுக்குச் சினைப்பையில மியூசினஸ் கட்டின்னு சொல்லிட்டு, வயித்துல எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி ரெண்டும் எடுக்கச் சொல்றாங்க. காசு பிடுங்குறாங்களா?’

இல்லைங்க. மியூசினஸ் என்று வந்தால் முதல் சந்தேகமே இது சினைப்பையில் பிறந்ததா, வேறெங்கிருந்தாவது வந்து இறங்கியதா என்பதுதான். இரைப்பை, பெருங்குடல், குடல்வால், கணையம் எல்லா இடத்துப் புற்றும் சினைப்பைக்கு வந்து தங்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் குரூக்கன்பெர்க் 1896ல் ஒரு கட்டியை விவரித்து, அது சினைப்பையிலேயே பிறந்தது என்று எழுதினார். அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருவது என்று பின்னால்தான் தெரிந்தது. இன்றும் அந்தக் கட்டிக்கு அவர் பெயர்தான்.

சில அடையாளங்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும், பத்துப் பதிமூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் சினைப்பையிலேயே பிறந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் சின்னதாக இருந்தால் வந்தேறியாக இருக்கலாம். சிகே7, சிகே20, சாட்பி2 என்று சாயங்கள் இருக்கின்றன, அவையும் முடிவாகச் சொல்லிவிடாது. அதனால்தான் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். குடல்வாலையும் சேர்த்து எடுத்து அனுப்பினார்களா என்று பாருங்கள்.

சினைப்பையிலேயே பிறக்கிற மியூசினஸ் மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று இருக்கும். சாதாரணக் கட்டி, நடுத்தரம், புற்று என்று படிப்படியாகப் போகிற வகை. ஒரே கட்டியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கேராஸ் ஜீன் ஆரம்பப் படியிலேயே மாறிவிடுகிறது. பிறகு சிடிகேஎன்2ஏ, டிபி53. சிலவற்றில் ஹெர்2 பெருகியிருக்கும், மார்பகப் புற்றில் கேள்விப்படுவீர்களே, அதே ஹெர்2.

இதில் எங்கள் பாடும் பெரும்பாடு. கட்டி பூசணிக்காய் சைஸுக்கு வரும். வெட்டினால் கத்தி முழுக்கப் பசை. புற்று ஒரு மூலையில் மட்டும் ஒளிந்திருக்கலாம் என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு, சில சமயம் இரண்டு எடுத்தாக வேண்டும். கேசட் என்கிற சின்னப் பெட்டிகளில் போட்டு வரிசையாக அடுக்குவோம். கவுன்டரில் ‘இன்னுமா வரலை?’ என்று சத்தம் போடுவார்கள். சீக்கிரம் கொடுத்த ரிப்போர்ட் நாலு துண்டு எடுத்துக் கொடுத்ததாக இருந்தால்தான் எனக்குப் பயம்.

9 ஆகஸ்ட்

மஞ்சளைப் பாலில் கலந்து குடித்தால் கட்டி கரையும் என்று எழுதியவருக்கு: நானும் ஈரோடுதான். மஞ்சள் மண்டித் தூசியிலேயே வளர்ந்த தெருக்களில் புற்றுநோய்க்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். குழம்பில் போடுங்கள், போதும். கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரை, கேப்சூல் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

11 ஆகஸ்ட்

திருப்பூரில் இருந்து ஒரு தங்கச்சி, வயது 29. லோ கிரேடு சீரஸ் என்று ரிப்போர்ட். ‘லோ கிரேடு என்றால் ஆரம்ப நிலை, பயமில்லை’ என்று பனியன் கம்பெனி சூப்பர்வைசர் முதற்கொண்டு எல்லோரும் தைரியம் சொல்லியிருக்கிறார்கள்.

தைரியம் நல்லதுதான், விஷயம் அப்படியல்ல. லோ கிரேடு வளர்ந்து ஹை கிரேடு ஆவது மிக மிக அபூர்வம். பெயரில் சீரஸ் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நோய். லோ கிரேடில் டிபி53 நன்றாக இருக்கும். கேராஸ், என்ராஸ், பிராஃப் ஆகிய மூன்றும் செல்லை வளரச் சொல்கிற ஒரே சமிக்ஞை வழியில் வருகிற ஜீன்கள், அதில் ஏதாவது ஒன்று அடிக்கடி மாறியிருக்கும். பார்டர்லைன் கட்டி என்ற இடைநிலையில் தொடங்கி மெதுவாக வளரும். இளம் வயதுப் பெண்களுக்கு வரும். மெதுவாக வளர்வதாலேயே வழக்கமான கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. அதனால் லெட்ரோசோல் மாதிரி ஹார்மோனை அடக்குகிற மாத்திரைகளும், அந்தச் சமிக்ஞையை மறிக்கிற டிராமெட்டினிப் போன்ற மாத்திரைகளும் பயன்படுகின்றன. 2025 மே மாதம் அமெரிக்காவில் அவுட்டோமெட்டினிப், டிஃபாக்டினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து, கேராஸ் மாறிய, மறுபடி வந்த லோ கிரேடு சீரஸுக்கென்றே அனுமதித்திருக்கிறார்கள்.

அம்மணி, நீங்கள் கேட்க வேண்டியது கேராஸ், பிராஃப் பார்த்தார்களா என்பது. கிரேடு, ஸ்டேஜ் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேடு என்பது செல் எப்படி இருக்கிறது என்பது, ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. லோ கிரேடு ஸ்டேஜ் 3லும் இருக்கும்.

12 ஆகஸ்ட்

காங்கேயம் தம்பிக்கு. யோசித்துப் பார்த்ததில் உங்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியைக் கேட்கவே இல்லை. சின்னம்மாவின் பிறந்த வீட்டில் யாருக்கெல்லாம் புற்று?

நம் பக்கத்தில் இது ஒரு சிக்கல். ஓபியில் ‘குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் சொல்வது கூடப்போன மாமியாரோ வீட்டுக்காரரோ. ‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க’ என்பார்கள். அவர்கள் குடும்பத்தில் இல்லை, சரி. நோயாளி வந்தது வேறு குடும்பத்திலிருந்து அல்லவா? பிறந்த வீட்டைக் கேட்டாலும் பெரியப்பன், சித்தப்பன், பங்காளி என்று ஆண்வழியே எண்ணுவார்கள். கட்டிக்கொடுத்துவிட்ட அத்தைகள் கணக்கில் வரமாட்டார்கள். ஜீனுக்குக் குலம், கூட்டம் எல்லாம் தெரியாது. அப்பன் வழி, ஆத்தா வழி எது வழியாகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். பிஆர்சிஏகூட அப்பா வழியாக மகளுக்கு வரும்.

கிளியர் செல்லிலும் எண்டோமெட்ரியாய்டிலும் தேட வேண்டியது லிஞ்ச் சிண்ட்ரோம். டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழுகிற பிழைகளைத் திருத்துகிற ஜீன்கள் நான்கு: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இதில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் பெருங்குடல், கர்ப்பப்பை, சினைப்பைப் புற்று வர வாய்ப்பு கூடும். பிஆர்சிஏ சரியாக இருக்கிறது என்றால் ஜீனே சரி என்று ஆகாது.

ஆகவே மாமன்மார், அமுச்சி (அம்மாவின் அம்மா), அப்பிச்சி (அம்மாவின் அப்பா), அமுச்சியின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் விசாரியுங்கள். ‘வயித்துக் கட்டி’, ‘மூலம்னு சொன்னாங்க, அப்புறம் ரத்தமா போயி இறந்துட்டாரு’ என்று சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

15 ஆகஸ்ட்

லீவு. பெரியம்மா கதையைச் சொல்கிறேன், இந்த இழையில் யாரும் கிரானுலோசா என்ற சினைப்பைக் கட்டி பற்றிக் கேட்கவில்லை என்றாலும்.

பெரியம்மாவுக்கு விலக்கு நின்று நாலைந்து வருடம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்தது. முகம்கூடப் பளபளவென்று இருந்தது, ஊரில் கேலி செய்தார்கள். காரணம் சினைப்பையில் இருந்த கட்டி. முட்டையைச் சுற்றி இருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற செல்களிலிருந்து வருவது அது. அந்த வேலையை விடாமல் புற்றும் ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும். கர்ப்பப்பைச் சவ்வு தடிக்கும், உதிரம் படும். 2003ல் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ‘முழுசா எடுத்தாச்சு, இனி வரவேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் கோளாறு. கிரானுலோசா பத்து, இருபது வருடம் கழித்தும் திரும்பி வரும். ஐந்து வருடம் தாண்டியாயிற்று, பிழைத்தோம் என்கிற கணக்கு இதற்குச் செல்லாது.

2021ல் வயிற்றுக்குள் மறுபடி கட்டி. பழைய ஸ்லைடு, பிளாக் (மெழுகில் பதித்த திசு) கேட்டுப் போனோம். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை, பழையதையெல்லாம் கழித்துவிட்டோம் என்றார்கள். புது இடத்தில் குடலா, நிணநீரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பெரியம்மா டிரங்குப் பெட்டியில் நகைக்கடன் ரசீதுகளோடு மடித்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்தான் வழி காட்டியது. இந்தக் கட்டி சுரக்கிற இன்ஹிபின் பி என்ற ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தார்கள், ஏறியிருந்தது.

இந்தக் கட்டியின் ஜீன் கதை மற்ற எதற்கும் இல்லாத விதம். 2009ல் வான்கூவர் குழுதான் இதையும் கண்டது. ஃபாக்ஸ்எல்2 என்ற ஜீனில் 402வது எழுத்து சி என்று இருக்க வேண்டியது ஜி என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சரிபார்க்க எடுத்த பெரியவர் வகைக் கட்டிகள் 89ல் 86ல் அதே எழுத்து, அதே இடம். ஏரிட்1ஏ ஜீன் எங்கு வேண்டுமானாலும் உடையும். இது ஒரே ஒரு எழுத்தில். ஃபாக்ஸ்எல்2 சினைப்பை சினைப்பையாகவே இருக்கக் காவல் நிற்கிற ஜீன். அதே 2009ல் வளர்ந்த பெண் எலியில் அதை அணைத்துப் பார்த்தார்கள், சினைப்பை செல்கள் விரைச் செல்களின் சாயலுக்கு மாறத் தொடங்கிவிட்டன.

எலிக்கே இந்தக் கதி.

16 ஆகஸ்ட்

அதற்குப் பக்கத்து வீடு செர்டோலி-லெய்டிக் கட்டி. இளம்பெண்ணுக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பி, விலக்கு நின்றால் ‘ஹார்மோன் கோளாறு, பிசிஓடி’ என்று மட்டும் முடித்துவிடாமல் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆண்மை ஹார்மோன் சுரக்கிற கட்டியாக இருக்கலாம். இதில் அடிக்கடி டைசர்1 ஜீன் மாறியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே. அப்படியானால் தைராய்டில் கட்டிகள், அந்தக் குடும்பத்துக் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் கட்டி என்றெல்லாம் வரலாம் என்பதால் வீட்டில் மற்றவர்களையும் பார்ப்பார்கள்.

18 ஆகஸ்ட்

‘மகள் வயிற்றுக் கட்டியில் முடியும் பல்லும் இருந்தது, செய்வினை என்கிறார்கள்’ என்று தாராபுரத்திலிருந்து.

செய்வினை வைக்கிறவன் பல் வரைக்கும் பார்த்துப் பார்த்து வைப்பானா? அது டெர்மாய்டு, சினைப்பையில் மிகச் சாதாரணம், புற்றும் அல்ல. முட்டை செல்லுக்கு முழு உடம்பையும் கட்டுகிற திறமை உண்டு. ஆண் துணையில்லாமல் அதுவாகவே பிரிய ஆரம்பித்தால் தோல், முடி, பல், தைராய்டு என்று ஒழுங்கில்லாமல் கட்டிவைக்கும். கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்கக் கூடாததைக் கேட்டு அழவைக்கிறார்கள், அதற்காகவே இதை எழுதுகிறேன். பத்து வயதுச் சிறுமிக்கும் வரும்.

எங்களுக்கு இந்தக் கட்டி பிடிக்காது. ஒரு முடி மெழுகுக்குள் மாட்டினாலும் சீவும்போது ரிப்பன் மாதிரி வருகிற மெழுகு நெடுகக் கோடு விழும், பிளேடு போய்விடும். பல்லை ஆசிடில் ஊறப்போட்டு மெதுவாக்கித்தான் வெட்ட முடியும்.

இதே முட்டை செல் வம்சத்தில் புற்றுகளும் உண்டு. டிஸ்ஜெர்மினோமா, யோக் சாக், முதிராத டெரடோமா. பள்ளி, கல்லூரி வயதில் வரும், வேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாக மசியும். பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த பெப் என்ற கீமோவில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஒரு பக்கச் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றி வைக்க முடியும். சின்னப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடுமுன் புற்றுநோய் மையம் ஒன்றில் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். ஏஎஃப்பி, எல்டிஎச், பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனைகளை ஆபரேஷனுக்கு முன்பே எடுக்க வேண்டும். கட்டி போன பிறகு எடுத்தால் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது.

19 ஆகஸ்ட்

கால்சியம் ஏறிப்போன இளம்பெண்ணைப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே சொல்கிறேன், பெயர் சொல்லவில்லை. ஸ்மால் செல், ஹைபர்கால்சீமிக் வகை. மிக அபூர்வம், இருபதுகளில் வருவது, மூர்க்கமானது. 2014ல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் ஸ்மார்க்ஏ4 ஜீன்தான் என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட அந்த ஒரு ஜீன் மட்டும்தான், மற்றதெல்லாம் அமைதி. பிஆர்ஜி1 என்ற சாயம் செல்லில் ஏறாமல் போவதை வைத்து உறுதி செய்கிறார்கள். சிலருக்கு இது குடும்பவழி, அதனால் அக்கா தங்கைகளுக்கு ஜீன் ஆலோசனை அவசியம். நேரம் கடத்தாமல் பெரிய புற்றுநோய் மையத்துக்குப் போங்கள்.

மேலே 3ஆம் தேதி எழுதிய ஏரிட்1ஏவும் இந்த ஸ்மார்க்ஏ4வும் ஒரே புரதக் கூட்டாளிகள். டிஎன்ஏ சுற்றிக் கிடக்கிற உருளைகளை நகர்த்தி, எந்த ஜீன் திறக்க வேண்டும் என்று வழிவிடுகிற கூட்டு. அதில் ஓர் ஆள் போனால் நாற்பது வயதுக்கு மேல் மெல்ல வருகிற கிளியர் செல், இன்னோர் ஆள் போனால் இருபதுகளில் வருகிற ஸ்மால் செல். பிறந்த திசு வேறு என்பதால் இப்படியா என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி.

24 ஆகஸ்ட்

‘குடும்பக் கட்டுப்பாடு செய்தால் கேன்சர் வரும்’ என்று யாரோ கிளப்பிவிட்டதற்கு. நிலவரம் நேர்மாறு. குழாயைக் கட்டிவிட்ட பெண்களுக்குக் கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு இரண்டும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. சாம்ப்சன் சொன்னதை நினைத்துப் பாருங்கள், பின்னோக்கிப் போகிற பாதை அடைபட்டுவிடுகிறது. ஹை கிரேடு சீரஸுக்கு அவ்வளவு குறையாது, அது குழாய் நுனியிலேயே பிறப்பதால். அதனால்தான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், கட்டுவதற்குப் பதில் குழாயையே எடுத்துவிடலாம் என்று மகப்பேறு மருத்துவர்களுக்குச் சொல்லி வருகிறார்கள். சினைப்பையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும். நம் ஊரில் இரண்டாவது பிரசவத்தோடு இந்த ஆபரேஷன் செய்துகொள்வது எவ்வளவு சகஜம்! கேட்டுப் பார்க்கலாம், டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்லட்டும்.

31 ஆகஸ்ட்

‘வகை தெரிந்து என்ன செய்யப்போறீங்க அக்கா, எல்லாருக்கும் அதே கார்போபிளாட்டின் பாக்லிடாக்சல்தானே?’

முதல் சுற்று பெரும்பாலும் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மருந்து நன்றாக வேலை செய்வது ஹை கிரேடு சீரஸில். கிளியர் செல்லும் மியூசினஸும் முற்றிய நிலையில் அதற்கு அவ்வளவாகப் பணிவதில்லை. இரண்டாவது சுற்றில் என்ன கொடுப்பது, எதைத் தொடர்ந்து கண்காணிப்பது, எத்தனை வருடம் வரச் சொல்வது, வீட்டில் யாரைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பது, எல்லாம் வகையைப் பொறுத்தது. சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்துக்கொண்டு கிரானுலோசாக்காரர் நிம்மதியாக இருந்தால் என்ன ஆகும்? பெரியம்மாவுக்கு அது ஏறவே இல்லை.

7 செப்டம்பர்

பிளாக் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இரண்டாம் கருத்துக்கு ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. லேபுக்கு எழுதிக்கொடுத்தால் ஸ்லைடும், புற்று நன்றாக இருக்கிற ஒரு மெழுகு பிளாக்கும் தருவார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எந்த எண் பிளாக் வாங்கினீர்கள் என்று போட்டோ எடுத்து வையுங்கள். மதிய வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலோ பைக் சீட்டுக்கு அடியிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகித் திசு சாய்ந்துவிட்டால் நாங்கள் மறுபடி பதிக்க வேண்டும், அதில் கொஞ்சம் திசு வீணாகும். ஆனால் ஃபிரீசரில் வைக்கவும் தேவையில்லை. மோர்க் குழம்புக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

20 செப்டம்பர்

காங்கேயம் தம்பி வந்துவிட்டார். லிஞ்ச் பற்றிச் சொன்ன அந்த நான்கு ஜீன்களின் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கிற நான்கு சாயங்களும் போட்டார்களாம். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இருக்கின்றன. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் இல்லை.

இதை லேபில் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். சாயம் ஏறினால் செல்லின் நடுக்கரு பழுப்பாகும். உங்கள் சின்னம்மாவின் ஸ்லைடில் புற்று செல்கள் வெறும் நீலமாக இருக்கும், இடையில் திரிகிற வெள்ளையணுக்கள் பழுப்பாக இருக்கும். வெள்ளையணுவில் ஏறியிருக்கிறது என்றால் சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது, புற்றில்தான் புரதம் இல்லை என்று அர்த்தம். எம்எஸ்எச்2 போனால் அதன் ஜோடியான எம்எஸ்எச்6ம் தாங்காமல் போய்விடும், அதனால் இரண்டும் சேர்ந்தே காணோம். பிறவிக் கோளாறா என்பதை ரத்தத்தில் ஜீன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் பலம்.

அப்புறம் அவர் விசாரித்த பட்டியல்: பெரிய மாமா 44 வயதில் பெருங்குடலில். அமுச்சி கர்ப்பப்பையில். இதை ஓபியில் யாரும் சொல்லவில்லை. கூடப்போனது சின்னம்மாவின் மாமியார்.

ஒரு ஆறுதலும் உண்டு. இந்தத் திருத்தும் புரதங்கள் இல்லாத, முற்றிய கட்டிகள் எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து கொடுக்கலாம் என்று 2017ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இப்போது சின்னம்மாவுக்கு அது தேவையில்லாமலே போகலாம், ஸ்டேஜ் 1 அல்லவா. ஆனால் இந்த ரிப்போர்ட் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

21 செப்டம்பர்

சின்னம்மாவுக்கு ரத்தத்திலும் உறுதியானால் அடுத்து உங்கள் அம்மா, மற்ற மாமன்மார், அவர்கள் பிள்ளைகள். அம்மாவுக்கும் இருந்தால் உங்களுக்கும் பார்க்க வேண்டும். ஆண் என்பதால் சினைப்பை இல்லை, குடல் இருக்கிறதே. மாமா வீட்டில் ‘பொண்ணு கட்டற வயசுல இதெல்லாம் வெளிய தெரிஞ்சா’ என்று இழுப்பார்கள். டெஸ்ட்டை எடுக்கச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

25 செப்டம்பர்

அம்மா கொலனோஸ்கோபிக்கு மாட்டேன் என்கிறாராம். முந்தின நாள் பட்டினி கிடக்க வேண்டும், பேதி மருந்து குடிக்க வேண்டும், அதுதான் காரணமாம். புரட்டாசிச் சனிக்கிழமை வருடா வருடம் விரதம் இருக்கிறவர்தானே? ஞாயிற்றுக்கிழமை கொலனோஸ்கோபி எடுக்கிற இடம் கோவையில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள்.